டயரின் கடைசி ஒரு சாண்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அபாண்டம். நானாக எதையும் தெரிந்துகொள்வதில்லை, வந்து சொல்கிறார்கள். பை தைக்கவும் மெத்தை உறைக்கு அளவு கொடுக்கவும் கடைக்கு வருகிறவர்கள், துணியை மேஜையில் வைத்த கையோடு வீட்டுச் சங்கதியையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். துணியை நாலு நாள் இழுத்தடித்துத் தைத்துக் கொடுக்கிறேன். சங்கதியை அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன், ஓரத்தைக் கொஞ்சம் மடித்து. தொழில் சுத்தம் என்பது இதுதானே.

ஊசி அக்காவின் சைக்கிள் சங்கதியும் அப்படித்தான் என் மேஜைக்கு வந்தது. மற்றதையெல்லாம் போல அதைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போகாமல், அதற்குள் நானும் விழுந்தேன்.

ஊசி அக்கா என் கடையிலிருந்து மூன்றாவது வீடு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் ஊசியோடு ஒருவர் எதிரே நிற்கும்போது, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் வயதைக் கணக்குப் பார்ப்பதில்லை. "அக்கா, மெதுவா" என்றுதான் வாயில் வருகிறது. தெருவே அப்படி ஒரு முறையாவது சொல்லியிருக்கிறது. பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், இவர் பக்கத்து இருக்கையில். அந்த இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. வருடக்கணக்கில் அதை மிதித்து மிதித்து, இப்போது வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய வலது கால் தானாக அமுங்கும். எதிரே யாராவது கொஞ்சம் வேகமாகப் பேசினால் போதும். பிரேக் சார் என்ற பெயரைத் தெருவுக்கு வழங்கியது நான்.

அக்கா நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் பிடித்தவர். சாதாரணச் சைக்கிள் இல்லை. ஆட்டுக்கொம்பு போல் வளைந்த கைப்பிடி, விரல் பருமனில் டயர், ஒரு கையால் தூக்கிவிடலாம். அதில் ஏறி, குனிந்து, தரையில் எதையோ தொலைத்தவர் போல் போவார். அப்படிப் போகிறவர்கள் ஒரு கூட்டமே இருக்கிறதாம். இருநூறு கிலோமீட்டர் போக வேண்டும். காலையில் கிளம்பி, கொடுத்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும். யார் முதல், யார் இரண்டாவது என்ற பேச்சே கிடையாது. ஒரு சட்டம் மட்டும் உண்டு. வழியில் சைக்கிளுக்கு என்ன ஆனாலும் ஓட்டுகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் கை பட்டால் அன்றைய சவாரி சவாரியே இல்லை.

போன தடவை அக்கா பாதி தூரம் தாண்டியபின் பின்சக்கரம் பஞ்சர். ட்யூப்பை மாற்றத் தெரியும், மாற்றினார். டயரைத் திரும்ப ரிம்மில் ஏற்ற வேண்டும். சுற்றிலும் ஏறிவிட்டது, கடைசி ஒரு சாண் ஏறவில்லை. கட்டைவிரலால் தள்ளினார், உள்ளங்கையால் தள்ளினார். ஏறவே இல்லை. ஒரு மணி நேரம் போராடிவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டார்.

பிரேக் சார் அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாதியில் இறக்கிவிட்டால் நன்றாக இருக்காது என்று, ஓட்டிக்கொண்டிருந்த மாணவியையே ஓட்டச் சொல்லி மனைவியை மீட்கப் போனார். அந்த அம்மாவுக்கு அது இரண்டாவது வகுப்பு. மாட்டுவண்டி வேகத்தில் போய்ச் சேர்ந்தபோது அக்கா மைல்கல் மேல் உட்கார்ந்து, கட்டைவிரலில் எழும்பிய கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு பிரேக் சாருக்கு ஒரு முதல் பாடம் கிடைத்தது. புதிதாகச் சேருகிறவர்களிடம், "பயப்படாதீங்க. ஒரு அம்மா ரெண்டாவது வகுப்புலயே என் வீட்டுக்காரியைக் காப்பாத்தப் போனாங்க" என்று ஆரம்பிப்பார். கல்யாண வீட்டில் சொன்னார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோதும் சொன்னாராம். இப்படியெல்லாம் அவர் சொன்னதை நான் குறைசொல்லவில்லை. அவர் ஒரு தடவை சொன்ன நேரத்தில் நான் நாலு தடவை சொல்லியிருப்பேன். மாட்டுவண்டி வேகம் என்பதுகூட நான் சேர்த்ததுதான்.

அக்கா ஒரு நாள் மெஷினுக்கு எதிரே நின்று சொன்னார்: "சவாரி போனது போகட்டும்ணே. அது பரவாயில்ல. ஆனா எங்க போனாலும் எனக்கு முன்னாடி அந்தக் கதை போய் உக்காந்திருக்கு. ரத்தம் எடுக்க வந்தவர் கையை நீட்டிக்கிட்டே, 'டயர் மாட்டத் தெரியாதாமே உங்களுக்கு'ங்கறார். மறுபடி போறேன். இந்தத் தடவை என் கையாலயே மாட்டி, ஓட்டி, முடிச்சிட்டு வரணும்."

"யார்க்கா அப்படிக் கேட்டது?" என்றேன்.

"உங்க கடைக்கு உறை தைக்க வந்தவராம்."

நான் நூல் அறுந்ததுபோல் குனிந்து ஊசிக்குள் நூல் கோக்க ஆரம்பித்தேன். கோத்திருந்த நூலையே உருவிவிட்டுக் கோத்தேன்.

பிராயச்சித்தம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. அக்கா புது டயர் வாங்கி வந்திருந்தார். சுலபத்தில் முள் ஏறாதாம், தடிமன் அதிகம். பழைய டயரைக் கழற்றியபோது ரிம்முக்குள் ஓடும் பிளாஸ்டிக் பட்டை நகர்ந்து கிடந்தது. சக்கரக் கம்பிகளின் முனை ட்யூப்பில் குத்தாமல் இருக்க அந்தப் பட்டை. அதை மாற்ற வேண்டும் என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு சக்கரங்களையும் கையில் வாங்கிவிட்டேன்.

"பட்டைதானே? என்கிட்ட விடுங்க. பை கைப்பிடிக்குப் போடற நாடா இருக்கு. அரிசி மூட்டையையே தாங்கும்."

நான் செய்ததைக் கேளுங்கள். நாடாவை ரெட்டையாக மடித்தேன். மடிப்புக்குள் கெட்டித் துணி ஒன்று வைத்தேன். இரண்டு ஓரமும் தைத்தேன். வால்வு வரும் இடத்தில் துளை போட்டு, பட்டன் துளைக்குப் போடுவதுபோல் சுற்றிலும் நூல் கட்டினேன். பசை தடவி ரிம்முக்குள் வட்டமாக ஒட்டினேன். என் தொழிலில் அவ்வளவு அழகாக எதையும் செய்ததில்லை. யாரும் பார்க்க முடியாத இடத்தில் அது இருக்கப்போகிறதே என்று வருத்தமாக இருந்ததால், போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

என் மனைவி மட்டும் பார்த்துவிட்டு, "சக்கரத்துக்கு எதுக்குங்க கோட்டு?" என்றாள்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

சவாரிக்கு முந்தின நாள் மதியம், வேலை முடிந்து அக்கா கடைக்கு வந்தார். பசை காய்ந்திருந்தது. என் வெட்டு மேஜையில் சக்கரத்தைப் படுக்கப்போட்டு, ட்யூப்பை வைத்து, புது டயரை ஏற்ற ஆரம்பித்தார். ஒரு பக்கம் எப்படியோ ஏறியது. மறுபக்கம் வால்விலிருந்து ஆரம்பித்து இரண்டு கைகளாலும் இருபுறமும் தள்ளிக்கொண்டு போனார். பாதி வந்தது. முக்கால் வந்தது. கடைசி ஒரு சாண் அல்ல, இந்தத் தடவை இரண்டு சாண் வெளியே நின்றது.

"புது டயர் அப்படித்தான் இருக்கும்" என்றேன். சைக்கிள் டயரைப் பற்றி எனக்கு அன்றுவரை இருந்த மொத்த ஞானமும் அந்த ஒரு வரிதான். அதையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

தெருவில் ஒரு பிரச்சினை கடை வாசலில் கிடக்க, நான் சும்மா இருப்பேனா. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டருக்குக் குரல் கொடுத்தேன். வந்தவர் டயரின் விளிம்பை உற்றுப் பார்த்து, "எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டார். பிறகு கோட்டுப் பையிலிருந்து வளைந்த எஃகுக் கம்பி ஒன்றை எடுத்து நெம்பினார். கம்பி வளைந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து ரொட்டிக் கடைக்காரர். தினமும் மூட்டை மூட்டையாக மாவு பிசையும் கை. "இவ்வளவுதானா" என்று சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டார். டயரை மேஜையோடு சேர்த்து அமுக்கினார். மேஜை நகர்ந்தது, மேஜைமேல் இருந்த என் தையல் மெஷின் நகர்ந்தது, டயர் மட்டும் அதே இடத்தில் இருந்தது. மூச்சு வாங்க நிமிர்ந்தவர், "இதுல ஏதோ தப்பு இருக்கு. மாவுன்னா இந்நேரம் கேட்டிருக்கும்" என்றார்.

பிறகு நான். கடைக்குப் பின்னாலேயே என் வீடு; சமையலறைக்குள் போய் ஒரு கரண்டியை எடுத்து வந்தேன். கரண்டிக் காம்பை விளிம்புக்கு அடியில் கொடுத்து ஒரே நெம்பு. டயர் ஒரு விரற்கடை உள்ளே போனது. "பாத்தீங்களா" என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். அந்தச் சுற்று முடிவதற்குள் உள்ளேயிருந்து 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. ட்யூப்பைக் கரண்டி கடித்துவிட்டது.

அக்கா அந்த ட்யூப்பை உருவி மேஜையில் போட்டார். அவரிடம் மாற்று ட்யூப் இரண்டு இருந்தது. இந்த ஒல்லி டயருக்கான ட்யூப் எங்கள் பக்கத்தில் கிடைக்காது. இப்போது ஒன்றுதான் மிச்சம். நாளை வழியில் ஒரு பஞ்சரைத்தான் தாங்க முடியும்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, கொழம்புக் கரண்டி எங்க?"

அந்த நேரம் பார்த்துத்தான் பிரேக் சார் வந்தார். மேஜையைப் பார்த்தார், சுருங்கிக் கிடந்த ட்யூப்பைப் பார்த்தார், மனைவியின் சிவந்த கட்டைவிரலைப் பார்த்தார்.

"விடும்மா. நாளைக்கு நான் பின்னாலயே கார்ல வந்துடறேன்."

"வராதீங்க."

"தூரமா வரேன். கண்ணுக்கே தெரிய மாட்டேன்."

"நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சா, ஏறலைன்னதும் கை தானா போனைத் தேடும். எனக்கு என்னைத் தெரியும். வராதீங்க."

பிரேக் சாரின் கால் தரையை ஒருமுறை அமுக்கியது. சரி என்றார். குரல் சரி என்று சொல்லவில்லை.

அக்கா டயரை முழுவதுமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் ரிம்மை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரத்தம் எடுக்கும் முன் நரம்பைத் தேடித் தடவுவாரே, அப்படி, பார்க்காமல், ஆள்காட்டி விரலால் ரிம்முக்குள் தடவிக்கொண்டே போனார். ஒரு முழுச் சுற்று. மறுபடி ஒரு சுற்று. விரல் நின்றது.

"அண்ணே, இந்த நாடா எத்தனை மடிப்பு?"

கேட்பார் இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்த கேள்வி. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "ரெட்டை மடிப்புக்கா. நடுவுல கெட்டித் துணி. ஓரத்துல ரெண்டு தையல்."

"இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே. எங்க போச்சு?"

"அதையா? அதான் நிரவிட்டேனே. மேடு பள்ளமா இருந்தா ட்யூப்புக்கு உறுத்துமேன்னு."

சொல்லும்போதே எனக்கு ஏதோ போலிருந்தது. ரொட்டிக் கடைக்காரர் என்னைப் பார்த்தார். பல் டாக்டர் வளைந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு அன்றுதான் தெரிந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது நிரவாமல் இருப்பீர்கள். ரிம்மின் நடுவில் ஓடும் அந்தப் பள்ளம் அழகுக்காக இல்லை. டயரின் விளிம்பில் ஒரு கம்பி இருக்கிறது. அது இழுத்தாலும் நீளாது, திட்டினாலும் நீளாது. ஆனால் ஏறிய பக்கத்தை அமுக்கிப் பள்ளத்துக்குள் இறக்கினால், இறங்கிய அளவுக்கு எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில்தான் கடைசி ஒரு சாண் ஏறும். அந்தப் பள்ளத்தைத்தான் அரிசி மூட்டை தாங்கும் நாடாவால் நான் மூடி, தையலும் போட்டு, தெருவைக் கூட்டிக் காட்டியிருந்தேன். டாக்டரும் ரொட்டிக் கடைக்காரரும் இத்தனை நேரம் மல்லுக்கட்டியது டயரோடு இல்லை, என்னோடு.

அக்கா கையை நீட்டினார். "கத்திரி குடுங்க."

என் வெட்டுக் கத்திரியை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. மனைவி ஒரு தடவை அதில் காகிதம் வெட்டினாள் என்று நான் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். அன்று எடுத்துக் கைப்பிடிப் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். பட்டன் துளைபோல் நான் கட்டிய நூல் வேலைப்பாட்டில்தான் முதல் வெட்டு விழுந்தது.

இரண்டு சக்கரத்திலிருந்தும் உரித்து எடுத்த நாடா மேஜையில் பாம்புச் சட்டைபோல் கிடந்தது. அதற்குப் பதிலாக அக்கா தன் பையிலிருந்து, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டும் பிளாஸ்திரியை எடுத்தார். மெல்லியது, காகிதம் போல. இரண்டு ரிம்முக்குள்ளும் ஒரே சுற்று, பள்ளத்தோடு படிந்து உட்கார்ந்தது.

"இப்ப ஏத்திடலாம்" என்று ரொட்டிக் கடைக்காரர் எழுந்தார். டாக்டரும் எழுந்தார். நான் கரண்டியை எடுத்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க" என்றார் அக்கா.

"அக்கா, இது என் கடை."

"தெரியும். நீங்களுந்தான்."

கதவு மூடியது. சொந்தக் கடைக்கு வெளியே, பூட்டிய கடைக்கு வந்த வாடிக்கையாளன்போல் நின்றேன். நான்கு ஆண்கள் நடைபாதையில். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் கதவில் சாய்ந்து நிற்பதுபோல் காதை வைத்தேன். உள்ளே மேஜை முனகியது. ஒரு இடைவெளி. எதுவோ கீழே விழுந்தது. மறுபடி இடைவெளி. "வால்வுதான் மறிக்குது" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. உலகத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே ஒலி அதுதான், ஒன்றும் கேட்காமல் இருப்பது.

கதவு திறந்தது. இரண்டு சக்கரத்திலும் டயர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அக்காவின் நெற்றியில் வியர்வை.

"எப்படிக்கா?"

"மாட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சக்கரங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

இப்படிச் சொன்னால் எனக்கு எப்படிச் சோறு இறங்கும். எங்கே ஆரம்பித்தார், எதைப் பிடித்து அமுக்கினார், கடைசியில் என்ன செய்தார், ஒன்றும் தெரியாது. பிரேக் சாருக்கு வேறு கவலை. "கடைல, மேஜைமேல வெச்சு மாட்டறது வேற. வெயில்ல, களைச்சுப்போய், நடுரோட்டுல மாட்டறது வேற" என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்தார்.

மறுநாள் காலை அக்கா கிளம்பிப்போய் வெகுநேரம் கழித்து, பிரேக் சார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?"

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமோ."

இருவரும் நடிப்பில் மட்டமானவர்கள். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஏறினேன். அவசரத்தில் என் போனையும் எடுக்கவில்லை. அவருடைய காரின் கூரையில் ஓர் ஆள் உயரத்துக்கு மஞ்சள் பலகை, 'பழகுநர் வாகனம், விலகிச் செல்லவும்' என்று. ரகசியமாகப் பின்தொடர அதைவிடப் பொருத்தமில்லாத கார் கிடைக்காது. நான் யோசனை சொன்னேன்: கடையில் தைத்து முடித்த சோபா உறை ஒன்று இருக்கிறது, பலகைமேல் போட்டுவிடலாம். போட்டோம். பூப்போட்ட உறை. காற்றில் அது உப்பிக்கொண்டு, கூரையில் யாரோ உட்கார்ந்து வருவதுபோல் இருந்தது. எதிரே வந்த லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நகரத்தைத் தாண்டி வெகுதூரம் போய், மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலையின் நீண்ட மதில் ஓரமாகப் போகும்போது பிரேக் சார் காரை நிறுத்தினார். தூரத்தில், மதிலின் நிழல் முடியும் இடத்தில், சைக்கிள் தலைகீழாக நின்றிருந்தது. பக்கத்தில் தரையில் அக்கா. முதுகுப்புறம் பாதி தெரிந்தது. மடியில் பின்சக்கரம்.

பஞ்சர்.

"போயிடலாம் சார், நம்மளப் பாத்துட்டா அக்கா கை போனைத் தேடும்" என்றேன். சொன்னேனே தவிர, கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தேன்.

அக்கா ட்யூப்பை உருவி எடுத்தார். டயரின் உள்பக்கத்தை விரலால் தடவினார், எதையோ பிடுங்கித் தூர எறிந்தார். மிச்சமிருந்த ஒரே ட்யூப்பை எடுத்து, வாயால் கொஞ்சம் காற்று ஊதி உள்ளே வைத்தார். டயரை ஏற்ற ஆரம்பித்தார். இந்தத் தடவை வால்வில் ஆரம்பிக்கவில்லை. வால்வு மறிக்கும் இடத்தில் டயர் பள்ளத்துக்குள் இறங்காதல்லவா, அதனால் வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஆரம்பித்து வால்வை நோக்கி வந்தார். நான் இங்கிருந்தே தலையாட்டினேன், நானே சொல்லிக்கொடுத்ததுபோல்.

சுற்றிலும் ஏறியது. வால்வுக்குப் பக்கத்தில் கடைசி ஒரு சாண் நின்றது.

தள்ளினார். நின்றது. மறுபடி தள்ளினார். கையை உதறினார். மதிலில் சாய்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிளில் மாட்டியிருந்த சின்னப் பையைப் பார்த்தார். போன் அதில்தான் இருக்கும்.

பிரேக் சார் தன் போனை எடுத்து, காரின் முன்பலகைமேல் வைத்தார். இருவரும் அதைப் பார்த்தோம். அடித்தால் இவர் போக வேண்டும். போனால் அக்காவின் சவாரி முடிந்தது. அதோடு இந்த வருடத்துக்கும் ஒரு கதை ரெடி.

"அடிக்காதே" என்றார் பிரேக் சார், போனிடம்.

அடித்தது.

அவர் கால் போய்ப் பிரேக்கில் விழுந்தது, நின்றுகொண்டிருந்த காரில். போனைத் தொட அவருக்குக் கை வரவில்லை. நான் எடுத்து, "ஹலோ" என்றேன்.

"ஏங்க, நீங்க அவரோடதான் இருக்கீங்களா? கடைச் சாவி எங்க? சோபா உறைக்காரர் வந்து நிக்கிறார்."

என் மனைவி. எனக்கு மூச்சு திரும்பியது. மூச்சு திரும்பியதும் வாயும் திரும்பியது. "சாவி கிடக்கட்டும், இங்க என்ன நடக்குது தெரியுமா" என்று ஆரம்பித்தேன். பஞ்சரைச் சொன்னேன். எதிர்ப்பக்கம் ஆரம்பித்ததைச் சொன்னேன். ஒரு சாண் நிற்பதைச் சொன்னேன். கைவிரலை விரித்து எவ்வளவு என்று காட்டினேன், போனில். "அக்கா பாவம், இதோ இப்பக்கூடப் பாரு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

அக்கா நின்றுகொண்டு பம்ப்பால் காற்று அடித்துக்கொண்டிருந்தார். டயர் முழுவதும் ரிம்முக்குள் இருந்தது.

"இப்ப என்ன பண்றாங்க?" என்றாள் மனைவி.

"மாட்டிட்டாங்க."

"எப்படி?"

நான் போனை மெதுவாக வைத்துவிட்டேன்.

தெருவில் ஒரு பூனை குட்டி போட்டால் எத்தனை குட்டி, எந்த நிறம் என்று சொல்கிறவன் நான். கண்ணெதிரே, வெட்டவெளியில், அதைப் பார்ப்பதற்கென்றே இவ்வளவு தூரம் வந்து, அந்த ஒரு விநாடியில் எதிர்ப்பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சார், நீங்க பாத்தீங்கல்ல? எப்படிப் போச்சு உள்ள? கட்டைவிரலா, உள்ளங்கையா?"

பிரேக் சார் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து பார்த்தேன், கால் பிரேக்கின்மேல் இல்லை, பக்கத்தில் சும்மா இருந்தது. அக்கா சக்கரத்தைப் பூட்டி, ஒருமுறை சுழற்றிப் பார்த்து, ஏறிப் போனார். நாங்கள் இருந்த திசையில் திரும்பவே இல்லை.

பிரேக் சார் காரைத் திருப்பினார்.

"சார், முடிக்கிற இடம் அந்தப் பக்கம்."

"தெரியும்."

"போகலையா? முடிக்கறாங்களான்னு பாக்க வேண்டாமா?"

"எதுக்கு? வருவா."

"அது சரி, டயர் எப்படி..."

"நீங்க பாக்கலையா?"

"போன்ல இருந்தேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். ஊர் எல்லை வரும்வரை விட்டு விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாம வந்தோம்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவ வந்து சொல்லட்டும். முதல்ல அவ சொல்லட்டும்."

"எவ்வளவு நேரம் சொல்லாம இருக்கணும்?"

"அவ சொல்ற வரைக்கும்."

அன்று பகல் முழுவதும் நான் கடையைத் திறக்கவில்லை. திறந்தால் ஆள் வரும். ஆள் வந்தால் வாய் திறக்கும். சோபா உறைக்காரருக்கு உறையைத் தூசி தட்டி, மனைவி கையில் கொடுத்தனுப்பினேன். கூரையில் போனது தெரியாமல் அவரும் வாங்கிப் போனார்.

வெளிச்சம் இருக்கும்போதே அக்கா வந்துவிட்டார். கொடுத்த நேரம் முடிவதற்கு முன்பே முடித்திருந்தார். என் கடை வாசலில் பல் டாக்டர், ரொட்டிக் கடைக்காரர், இன்னும் நாலைந்து பேர். பிரேக் சார் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றார். அக்கா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சொம்பை வாங்கி மொத்தமும் குடித்தார்.

"எப்படிப் போச்சு?" என்றார் டாக்டர்.

"எதிர்க்காத்துதான் உயிரை வாங்கிருச்சு. ஒரு இடத்துல நாய் ஒண்ணு ரொம்ப தூரம் கூடவே ஓடி வந்துச்சு. என்னைவிட அதுக்கு மூச்சு அதிகம்." எல்லோரும் சிரித்தார்கள். "நடுவுல ஒரு பஞ்சர். மாட்டிட்டேன். அப்புறம் அந்த ஏத்தம் இருக்கு பாருங்க..."

அவ்வளவுதான். மாட்டிட்டேன். ஏற்றத்துக்குப் போய்விட்டார். டாக்டர் ஏற்றத்தைப் பற்றிக் கேட்டார். ரொட்டிக் கடைக்காரர் முட்டி வலிக்கிறதா என்று கேட்டார். மதில் இல்லை, வானத்தைப் பார்த்தது இல்லை, பையைப் பார்த்தது இல்லை, அந்த ஒரு சாண் இல்லவே இல்லை.

எதிர்ச்சுவர் ஓரம் நின்ற பிரேக் சாரைப் பார்த்தேன். காலிச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, இதையெல்லாம் இப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல் முகத்தை வைத்திருந்தார். என் மனைவி பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்திருந்தாள். ஒரு நல்ல சங்கதியை ஒருவர் இவ்வளவு மோசமாகச் சொல்வதை, ஒரு வார்த்தைகூடத் திருத்தாமல், ஓரம் மடிக்காமல், வாயை மூடிக்கொண்டு கேட்டபடி நின்றேன்.